ஊரடங்குக் காலத்துத் தமிழ்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020, 2021 இரண்டு வருடமும் சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். மாவட்டச் செய்திகள் என் மேசை வழியாகத்தான் போகும். கொரோனா காலத்தில் தமிழுக்கு வந்து சேர்ந்த சொற்களில் பாதியை முதல் நாளே கையில் வாங்கி, இதை எப்படி எழுதுவது என்று தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் ஆய்வேட்டுக்காக வந்து கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் பதிலை எழுதியே வைத்துவிட்டேன். நோயைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது சொல்லும், அந்தச் சொல்லை வைத்து நாம் ஒருவரை ஒருவர் நடத்திய விதமும்தான்.

கரோனாவா, கொரோனாவா?

இரண்டும் அச்சில் வந்தன. தினமணியும் இந்து தமிழும் கரோனா என்றன. பிபிசி தமிழ் கொரோனா என்றது. ஆங்கில உச்சரிப்புக்கு அருகில் இருப்பது கரோனா. வாயில் நின்றது கொரோனா. எங்கள் அலுவலகத்தில் இதற்காக ஒரு மணி நேரம் சண்டை நடந்தது, கடைசியில் யார் இரவுப் பணியில் இருக்கிறாரோ அவர் எழுதியதே சட்டம் என்று ஆனது. இந்தப் பக்கத்தில் கொரோனா என்றே எழுதுகிறேன். வைரஸுக்குத் தீநுண்மி, நச்சுயிரி இரண்டும் வந்தன. கட்டுரையில் பயன்பட்டன, டீக்கடைக்கு வரவில்லை.

பெயர் விவகாரத்தில் எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. ஊர்ப் பெயரையோ மக்கள் பெயரையோ நோய்க்கு வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை. அதன்படிதான் 2020 பிப்ரவரி 11 அன்று கோவிட்-19 என்று பெயர் வைத்தார்கள். நாங்களோ ‘சீன வைரஸ்’ என்று தாராளமாகத் தலைப்பு போட்டோம். பிறகு ‘பிரிட்டன் வகை’, ‘தென்னாப்பிரிக்க வகை’ என்றும் கண் சிமிட்டாமல் போட்டோம். 2021 மே மாதம் உலகமே ‘இந்திய வகை’ என்று சொல்லத் தொடங்கியதும்தான் சுருக்கென்றது. மத்திய அரசு மறுப்பு வெளியிட்டது. மே 31 அன்று ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்று கிரேக்க எழுத்துகள் வந்தன. அன்று எங்கள் மேசையில் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. ‘சீன வைரஸ்’ என்று போட்ட நாளில் அந்தப் பக்கம் படித்துக்கொண்டிருந்தவர்களை யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட.

‘ஊரடங்கு’ புதுச் சொல்லா?

இல்லை. பழைய சொல், அதிலும் அழகான சொல். ‘ஊரடங்கின பிறகு வா’ என்று என் அப்பத்தா சொன்னால் இரவு ஒன்பது, பத்து மணி என்று அர்த்தம். மாடு கட்டி, அடுப்பு அவித்து, நாய் மட்டும் குரைக்கும் நேரம். ஊர் தானாக அடங்குவதைச் சொன்ன சொல் அது. பிறகு கலவரங்களின்போது போலீஸ் போடும் உத்தரவுக்கு ‘ஊரடங்கு உத்தரவு’ என்று பெயர் வந்து, ஊர் அடங்குவது போய் ஊரை அடக்குவது என்று ஆகிவிட்டது.

2020 மார்ச் 22 மக்கள் ஊரடங்கு, ஒரே ஒரு நாள். மாலையில் தட்டுத் தட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 வந்தது. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் 21 நாள் என்று அறிவித்தார். ஜனங்கள் சொன்னது ‘நூத்தி நாப்பத்திநாலு போட்டுட்டாங்க’, அல்லது வெறும் ‘லாக்டவுன்’. ஊரடங்கு என்பது அச்சுக்கும் அறிவிப்புக்கும் உரிய சொல்லாக இருந்தது.

அப்புறம் அரசாணைத் தமிழ் வேலையைக் காட்டியது. ‘தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு’ வந்தது, ‘முழு ஊரடங்கு’ வந்தது. 2021 மே 24 முதல் ‘தளர்வுகளற்ற முழு ஊரடங்கு’. முழு என்றாலே தளர்வு இல்லை என்றுதானே அர்த்தம்? இல்லை போலிருக்கிறது, ஏனென்றால் அதற்கு இரண்டு வாரம் முந்தைய முழு ஊரடங்கில் மளிகைக் கடை திறந்திருந்தது. ஒரு வாசகர் தொலைபேசியில் கேட்டார்: “சார், தளர்வு இருக்குன்னா வெளிய வரலாமா, வரக் கூடாதா?” எனக்குப் பதில் தெரியவில்லை. அறிவிப்பைத் திருப்பிப் படித்துக் காட்டினேன்.

அந்தச் சொல்லின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடித்துப்போனது, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று குற்றம் சாட்டி. இருவரும் காவலில் அடிபட்டு, ஜூன் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு ஊரடங்கு என்று தலைப்பு எழுதும்போதெல்லாம் கை ஒரு நொடி நின்றது.

எல்லா நாட்டுத் தமிழருக்கும் இதே சொற்கள்தானா?

மலேசியாவில் ஊரடங்கு இல்லை, 2020 மார்ச் 18 முதல் ‘நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை’. எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு, சொல்ல வந்ததை நேராகச் சொல்கிறது. சிங்கப்பூரில் ‘கிருமித்தொற்று’. வைரஸுக்கு நாம் தீநுண்மி தேடிக்கொண்டிருந்தபோது அவர்கள் வீட்டில் இருக்கும் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

சிங்கப்பூரில் தினமும் எண்ணிக்கையை இரண்டாகப் பிரித்து வெளியிட்டார்கள்: சமூகத்தில் இத்தனை, வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் இத்தனை. விடுதிகளில் இருந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் பேர். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போனவர்கள் அதில் ஏராளம். அவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது என்று 2020 டிசம்பரில் அந்நாட்டு அரசே சொன்னது. கணக்குக்கு அந்தப் பிரிவு தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் ‘சமூகம்’ என்ற சொல்லுக்கு வெளியே நிற்கிறோம் என்பதைத் தினமும் மாலையில் தமிழிலேயே வாசிக்க வேண்டியிருந்தது, பட்டுக்கோட்டையிலிருந்து போன பிள்ளைக்கு.

இலங்கையில் ‘ஊரடங்குச் சட்டம்’, 2020 மார்ச் 20 மாலையிலிருந்து. அது அவர்களுக்குப் போர்க்காலத்துச் சொல். நமக்கு முகாம் என்றால் கண் சிகிச்சை முகாம், காய்ச்சல் முகாம். வன்னியில் ஒருவரிடம் முகாம் என்று சொன்னால் 2009இல் செட்டிக்குளம் மெனிக் பாமில் கம்பி வேலிக்குள் இருந்த மாதங்கள் நினைவுக்கு வரும். 2020இல் அங்கே தனிமைப்படுத்தல் நிலையங்களை நடத்தியது இராணுவம். ‘தனிமைப்படுத்தல்’ என்ற ஒரே சொல் இரண்டு கரையிலும் எப்படி ஒன்றாக ஒலிக்கும்?

‘சமூக இடைவெளி’ என்று எழுதக் கூடாது என்கிறார்களே, ஏன்?

எங்கள் அலுவலகத்தில் மிக நீண்ட சண்டை இதற்குத்தான் நடந்தது. முதல் வாரம் எல்லோரும் சமூக இடைவெளி, சமூக விலகல் என்று எழுதினோம். ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. இரண்டாம் வாரம் திருநெல்வேலியிலிருந்து எங்கள் பகுதி நேர நிருபர் கூப்பிட்டார். “அண்ணே, சமூகத்துல இடைவெளி எங்க ஊர்ல ஏற்கெனவே இருக்கு. இன்னும் எவ்வளவு விடணும்னு கேட்டுச் சொல்லுங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர், தெரு என்று தனித்தனியாகக் கிடக்கிற நிலத்தில், இரட்டைக் குவளை பார்த்த டீக்கடையில், ‘சமூக இடைவெளி விடுங்கள்’ என்று பெரிய எழுத்தில் போஸ்டர் ஒட்டுவதற்கு என்ன அர்த்தம்? தமிழில் ‘சமூகம்’ என்றால் சாதி என்றும் பொருள் உண்டே. ‘எந்தச் சமூகம் தம்பி?’ என்று பேருந்தில் கேட்பவர் வேறு எதைக் கேட்கிறார்?

உலக சுகாதார நிறுவனமும் 2020 மார்ச் 20 அன்றே உடல் இடைவெளி என்று சொல்வதே சரி என்றது. நாங்கள் தனிமனித இடைவெளி, தனிநபர் இடைவெளி என்று மாற்றிப் பார்த்தோம். விளம்பரம் கொடுப்பவர்கள் பழையபடியே கொடுத்தார்கள். ஒரே பக்கத்தில் செய்தியில் தனிமனித இடைவெளி, கீழே நகைக்கடை விளம்பரத்தில் சமூக இடைவெளி.

ஜனங்கள் என்ன சொன்னார்கள்? ‘தள்ளி நில்லு.’ அவ்வளவுதான். எங்கள் தெரு அண்ணாச்சி கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்குப் போனால் வட்டத்துக்கு ஒன்றாகக் கட்டைப்பை, செருப்பு, குடை, ஒரு செங்கல் என்று வரிசையாக நிற்கும். பைக்குச் சொந்தக்காரர்கள் எதிர்த்த வீட்டு வேப்பமர நிழலில் தோளோடு தோள் உரசி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். டாஸ்மாக் 2020 மே 7 அன்று திறந்தபோது திருப்பூரில் குடையோடு வந்தால்தான் சரக்கு என்றார்கள். விரித்த குடையின் அகலம்தான் இடைவெளி. நான் பார்த்த மொழிபெயர்ப்புகளில் ஆகச் சரியானது அந்தக் குடை.

தீட்டு பார்த்த முன்னோர்கள் விஞ்ஞானிகள் என்று அப்போது வாட்ஸ்அப்பில் வந்ததே?

வந்தது. தினமும் வந்தது. வாசலில் மஞ்சள் தண்ணீர், சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளியல், கைகூப்பி வணக்கம் என்று பட்டியல் போட்டுவிட்டு, நைசாகச் சாதித் தீட்டையும் உள்ளே சொருகியிருப்பார்கள். தொற்று உள்ளவர் பதினான்கு நாள் தள்ளி இருந்தார், பதினைந்தாம் நாள் கட்டிப்பிடித்துக்கொண்டோம். தீட்டுக்குப் பதினைந்தாம் நாள் உண்டா?

‘புலம்பெயர்’ என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டதா?

மாறியது, அதுவும் எங்கள் கண் முன்னால். 2020 மார்ச் வரை எங்கள் பக்கத்தில் புலம்பெயர்ந்தோர் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோவுக்கும் பாரிஸுக்கும் போன ஈழத் தமிழர். ஏப்ரலில் ‘புலம்பெயர் தொழிலாளர்’ என்றால் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர் என்று ஆயிற்று. மே மாதம் அவர்களை ஊருக்கு அனுப்ப ஷ்ராமிக் ரயில் விட்ட பிறகு அந்தச் சொல் முதல் பக்கத்தை விட்டு இறங்கவே இல்லை.

அதற்கு முன் அவர்களை என்னவென்று எழுதினோம்? ‘வடமாநிலத் தொழிலாளர்’. பேச்சில் ‘வடக்கன்’, அல்லது எல்லோருக்கும் சேர்த்து ‘இந்திக்காரன்’. ஒடியாக்காரருக்கும் வங்காளிக்கும் இந்தி தாய்மொழி இல்லை என்பதுகூட நமக்குத் தெரியாது, இந்தித் திணிப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற நமக்கு. ஒரு நல்ல சொல் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அது சங்க காலச் சொல்லும்கூட. காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசும் ‘புலம்பெயர் மாக்கள்’ கலந்து இனிதாக வாழ்ந்தார்கள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. அவர்களை ரயிலேற்றிவிட்ட சில மாதங்களில் ஆள் இல்லாமல் தவித்து, பேருந்து அனுப்பித் திரும்ப அழைத்துவந்த முதலாளிகளையும் பார்த்தோம். சொல் மறுபடியும் ‘வடக்கன்’ ஆகிவிட்டது, பேச்சில்.

சென்னைக்காரர்களை ஊருக்குள் விடவில்லை என்பது உண்மையா?

உண்மை. முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது, ஓமனிலிருந்து வந்த காஞ்சிபுரத்துக்காரருக்கு. அப்போது வெளிநாட்டுக்காரர் மேல் சந்தேகம். ஏப்ரலில் டெல்லி போய் வந்தவர் மேல். மே மாதம் கோயம்பேடு. சந்தையில் மூட்டை தூக்கியவர்கள் அரியலூருக்கும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் லாரி ஏறிப் போனார்கள், கூடவே தொற்றும் போனது. மே 5 அன்று சந்தையை மூடினார்கள், காய்கறி திருமழிசைக்குப் போனது. ‘கோயம்பேடு’ என்பது அதன் பிறகு ஓர் இடத்தின் பெயராக இல்லை, ஆளின் பெயராகிவிட்டது. ‘அந்த வீட்டுல ஒரு கோயம்பேடு வந்திருக்கு’ என்று பண்ருட்டிப் பக்கம் பேசியதாக நிருபர் எழுதி அனுப்பினார். நான் வெட்டிவிட்டேன். வெட்டாமல் விட்டிருக்க வேண்டும்.

ஜூன் 19 முதல் சென்னையும் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களின் சில பகுதிகளும் மறுபடி மூடப்பட்டதும் ‘சென்னை’ என்பதே நோயின் இன்னொரு பெயரானது. ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். ‘வெளியாட்களுக்கு அனுமதி இல்லை’ என்று அட்டை தொங்கியது.

நானும் ஜூலையில் ஊருக்குப் போனேன், அருப்புக்கோட்டைப் பக்கம். இ-பாஸ் மூன்று தடவை நிராகரிக்கப்பட்டு நான்காவது தடவை கிடைத்தது. நான் பிறந்த வீடு, நான் உட்கார்ந்து படித்த திண்ணை. வண்டியை விட்டு இறங்கியதும் சித்தப்பா உள்ளிருந்து கையைக் காட்டினார்: “அங்ஙனயே நில்லுப்பா.” சித்தி ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து, தள்ளி வைத்துவிட்டுப் போனாள். தண்ணீரில் வேப்பிலை மிதந்தது. அரை மணி நேரத்தில் கிராம நிர்வாக அலுவலரும் செவிலியரும் வந்து ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்று கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பதினான்கு நாள் திண்ணைதான். சாப்பாடு வாழையிலையில் வந்து படியில் இருக்கும். எச்சில் தட்டைத் தொடாமல் இருப்பதற்கு அதுதான் வழி.

மூன்றாம் நாள் தெருவில் போன சின்னப் பையன் இன்னொருவனிடம் சொன்னான்: “டேய், அந்தப் பக்கம் போகாத. மெட்ராஸ்காரன் இருக்கான்.” சென்னையில் இருபது வருடம் இருந்தும் என்னை ‘மதுரக்காரன்’ என்றுதான் சொல்வார்கள். மதுரையும் என் ஊர் இல்லை. ஆக, எங்கேயும் நான் வேறு ஊர்க்காரன். கோபம் வந்ததா என்று கேட்கிறார்கள். வந்தது. ஆனால் எதிர்த்த வீட்டில் எண்பது வயதுப் பாட்டி இருந்தாள். அவளைப் பார்த்தால் கோபம் போய்விடும்.

மத அடையாளம்?

தமிழ்நாட்டில் ஏப்ரல் மாத மாலைச் செய்தியாளர் சந்திப்புகளில் ‘டெல்லி மாநாடு’ என்று தினமும் வந்தது, தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் அமைப்பு டெல்லியில் நடத்திய கூட்டம் அது. பிறகு சுகாதாரத் துறையே ‘சிங்கிள் சோர்ஸ்’ என்று மாற்றிக்கொண்டது. நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அந்த ஒற்றை மூலம் எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனவே மாற்றுச் சொல்லே சுட்டுவிரல் ஆனது. காய்கறி வண்டிக்காரரிடம் பேர் கேட்டுவிட்டு வாங்கிய தெருக்கள் உண்டு. எங்கள் தெருவும் அதில் ஒன்று.

ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையில் கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. கீழ்ப்பாக்கத்தில் எதிர்ப்பு, வேலங்காட்டில் அடி. ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களுக்கு மண்டை உடைந்தது. கடைசியில் சக மருத்துவர் ஒருவர் தானே மண் தள்ளிக் குழியை மூடினார். ஒரு வாரத்தில், அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருடம் வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது.

இலங்கையில் இது அரசாங்கத்தின் கையாலேயே நடந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவிப்பு வந்தது. முஸ்லிம்கள் கெஞ்சியும் பலனில்லை. பிறந்து இருபதே நாளான குழந்தையை டிசம்பரில் பெற்றோர் சம்மதமில்லாமல் எரித்தார்கள். கொழும்பு பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டுப் போனார்கள். மாநகரசபை அதை அவிழ்க்க, மறுபடி கட்டினார்கள். 2021 பிப்ரவரி இறுதியில் அனுமதி கிடைத்தது, ஓட்டமாவடியில் மட்டும் அடக்கம். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது. இறந்தவர் உடலை முஸ்லிம்கள் சொல்லும் ‘ஜனாஸா’ என்ற சொல்லை அதுவரை அறியாத எங்கள் மேசைப் பிள்ளைகள் அந்த மாதங்களில் கற்றுக்கொண்டார்கள்.

கொரோனா தேவி கோயில் நிஜமா, மீமா?

நிஜம். கோவை இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் 2021 மே மாதம் சிலை வைத்தார்கள். தொலைக்காட்சிகள் சிரித்தன. ஆனால் கோவையில் நூறு வருடத்துக்கு முன் பிளேக் வந்தபோது பிளேக் மாரியம்மன் வந்தாள், இன்றும் கோயில் இருக்கிறது. அம்மை வந்தால் ‘அம்மா வந்திருக்கா’ என்போம், நோயை மரியாதையாகக் கூப்பிட்டு மரியாதையாக அனுப்பிவைப்பது நம் வழக்கம். கொரோனாவை மட்டும் யாரும் ‘வந்திருக்கா’ என்று சொல்லவில்லை. ‘பாசிட்டிவ்’ என்றோம், அதையும் குரலைத் தாழ்த்தி.

கபசுரக் குடிநீர்?

சித்த மருத்துவக் கஷாயம். பதினைந்து சரக்கு: சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு என்று போகும். குணமாக்கியதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. ஆனால் சித்த மருத்துவச் சுவடியில் கிடந்த ‘கபசுரம்’ என்ற சொல்லை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொன்னது. கசப்பைச் சொல்வதற்கே ‘கபசுரம் மாதிரி’ என்று எங்கள் வீட்டில் இப்போதும் சொல்கிறோம்.

அந்தக் காலத்துச் சொற்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

‘வீடு திரும்பியோர்’. மாலை அறிக்கையில் மூன்று எண்கள் வரும். புதிய தொற்று, உயிரிழப்பு, குணமடைந்து வீடு திரும்பியோர். டிஸ்சார்ஜ் என்ற வறட்டுச் சொல்லுக்கு யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் வீட்டை உள்ளே கொண்டுவந்துவிட்டார். 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது மூன்றாவது எண்ணைத்தான் முதலில் தேடுவேன்.

‘இணை நோய்’ என்பதும் நல்ல ஆக்கம். கேட்ட உடனே புரிகிறது. ஆனால் அதை அரசு அறிக்கை பயன்படுத்திய விதம் பிடிக்கவில்லை. ‘இணை நோய் உள்ளவர்’ என்று போட்டால், அவர் போயிருக்க வேண்டியவர்தான் என்ற தொனி வந்துவிடுகிறது. சர்க்கரை இல்லாத வீடு நம் ஊரில் எங்கே இருக்கிறது?

‘தவணை’யைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தடுப்பூசியின் முதல் தவணை, இரண்டாம் தவணை. அதற்கு முந்தைய வருடம்தான் ரிசர்வ் வங்கி கடன் தவணையை ஆகஸ்ட் வரை ஒத்திவைத்திருந்தது. எங்கள் வாடகை ஆட்டோக்காரர் தடுப்பூசி முகாம் பேனரைப் படித்துவிட்டு, “ரெண்டாம் தவணைய மறக்காம வாங்கச் சொல்றான். நம்மளால கட்ட முடியாத ஒரே தவணை அந்த வண்டித் தவணைதான்” என்றார்.

கல்யாணம், சாவு?

பத்திரிகையின் வாசகம் மாறியது. ‘சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து’ என்று அச்சடிக்கிற இடத்தில், என் மாமா மகள் கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் இல்லத்திலிருந்தபடியே மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டுகிறோம்’ என்று இருந்தது. ஐம்பது பேருக்கு மேல் கூடாது. அழைத்துவிட்டு வராதே என்று சொல்வதற்குத் தமிழில் அதுவரை ஒரு வாக்கியம் இருந்ததில்லை. மொய்க்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு குடும்பம் பத்திரிகையிலேயே கூகுள் பே, போன் பே கியூஆர் கோடு அச்சடித்தது.

சாவுக்கு அப்படி ஒரு வழி கிடைக்கவில்லை. துக்கம் விசாரிப்பது என்பது போய் உட்காருவது. பேச வேண்டும் என்றுகூட இல்லை. தொலைபேசியில் உட்கார முடியாது, பேசித்தான் ஆக வேண்டும், பேசுவதற்கோ ஒன்றும் இருக்காது. என் நண்பனின் அம்மா இறந்தபோது இருவரும் நான்கு நிமிடம் இணைப்பில் இருந்தோம். “சாப்பிட்டியா” என்று கேட்டேன். “ம்” என்றான்.

மொழி அரசியல் அப்போது ஓய்ந்திருந்ததா?

ஓய்வா? 2020 ஜூன் மாதம், தொற்று உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தமைப்பைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. வேலூரை ஆங்கிலத்தில் ‘வீலூர்’ என்று படிக்கும்படி எழுதியிருந்தார்கள். கோயம்புத்தூர் ஒரு முழ நீளமானது. சிரிப்பும் எதிர்ப்பும் சேர்ந்து ஒரே வாரத்தில் ஆணை திரும்பப் போனது. நோக்கத்தில் பிழையில்லை, செய்யத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 9 அன்று சென்னை விமான நிலையத்தில், இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்ற கனிமொழியிடம் ‘நீங்கள் இந்தியரா’ என்று பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஒருவர் கேட்டதாக அவர் பதிவிட்டார். அதே மாதம் ஆயுஷ் அமைச்சகத்தின் இணையவழிப் பயிற்சியில், இந்தி புரியாதவர்கள் வெளியேறலாம் என்று சொல்லப்பட்டதாகத் தமிழ்நாட்டு மருத்துவர்கள் புகார் கொடுத்தார்கள். நேர்க்கூட்டத்தில் ஒருவரை எழுந்து போகச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாவது இருக்கும். திரையில் அந்தத் தயக்கமும் இல்லை.

பிள்ளைகளின் தமிழ்?

ஆசிரியர்களைக் கேளுங்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். வீட்டில் ஒரே கைபேசி, இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ‘மிஸ், ஆடியோ கட் ஆகுது’ என்று கத்துவாள், சின்னவன் கல்வித் தொலைக்காட்சியில் பாதி நாள் கார்ட்டூன் தேடுவான். பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து, எல்லோரும் தேர்ச்சி. அந்தப் பிள்ளைகளுக்கு ‘கொரோனா பேட்ச்’ என்று பேர் ஒட்டிக்கொண்டது. வேலைக்கு நேர்காணலில் இன்றும் யாராவது கேட்டுவிடுகிறார்கள் என்று என் அக்கா மகன் சொல்கிறான். கல்லூரி அரியர் தேர்வை ரத்து செய்ததும் முதலமைச்சரைக் கடவுள் என்று மாணவர்கள் பேனர் வைத்ததை மட்டும் அவன் பெருமையாகச் சொல்வான்.

இரண்டாவது அலைக்குப் பிறகு பள்ளி திறந்தபோது, முதல் வகுப்பை வீட்டிலேயே முடித்திருந்த பக்கத்து வீட்டுப் பையன் தமிழ் டீச்சரிடம் கேட்டானாம்: “மிஸ், உங்களை எப்படி மியூட் பண்றது?”

எந்தச் சொற்கள் நிலைத்தன?

தீநுண்மி போயிற்று. சானிட்டைசர் பாட்டில் போயிற்று, கிருமிநாசினி என்ற சொல் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் மங்கிக்கொண்டிருக்கிறது. முகக்கவசம் அச்சில் இருக்கிறது, வாயில் மாஸ்க். ஊரடங்கு தன் பழைய வேலைக்குத் திரும்பவில்லை. ‘ஊரடங்கின பிறகு’ என்று இப்போது சொன்னால் பிள்ளைகள் 2020 என்று நினைக்கிறார்கள்.

ஆனால் காலக்கணக்கு நிலைத்துவிட்டது. தாது வருசப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொன்னதுபோல, ராமேசுவரத்தில் ‘புயலுக்கு முந்தி’ என்றால் 1964க்கு முந்தி என்பதுபோல, இப்போது ‘கொரோனாவுக்கு முந்தி வாங்குன வண்டி’, ‘கொரோனாவுல பொறந்த புள்ள’. போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கதவுக்கு வர்ணம் அடித்திருந்தார்கள், ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் செவ்வகமாக மேடு தட்டியிருந்தது. வீட்டுக்கு வந்திருந்த பெண்ணிடம் சித்தி என்னை அறிமுகப்படுத்தினாள்: “இவன் எங்க கொழுந்தனார் மகன். கொரோனாவுல வந்து திண்ணையில கெடந்தானே, அவன்.”